தொப்பூர்க் கணவாய் முதல் ட்விட்டர் வரை: தூது மாறிய கதை

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தொப்பூர் என்றதும் நினைவுக்கு வருவது கணவாய்ச் சாலைதான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் வளைந்து இறங்கும் நெடுஞ்சாலை, பிரேக் பிடிக்காத லாரிகள், அடிக்கடி வரும் விபத்துச் செய்திகள். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (முன்பு இதன் எண் 7) இந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது. நெடுஞ்சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே இது பாராமகால் மேட்டு நிலத்திலிருந்து சேலம், திருச்சிப் பக்கம் இறங்குவதற்கான வழியாக இருந்தது. வணிகர்கள் போனார்கள், படைகள் போயின, கடிதம் சுமந்த ஆட்களும் போனார்கள்.

இன்று ஒரு நாட்டின் பிரதமர் இன்னொரு நாட்டின் அதிபருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால் கைப்பேசியில் நான்கு வரி தட்டினால் போதும். அதை அந்த அதிபர் படிப்பதற்கு முன்பே தொப்பூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவர் படித்துவிடலாம்! இந்த மாற்றம் எப்படி வந்தது? இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேடிப் போகத் தேவையில்லை. தர்மபுரி மாவட்டத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

தகடூரின் தூதர்

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே ஔவையார் அதியமானுக்காகக் காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் தூது போன செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாடல் சொல்கிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட்டான். ஔவையார் கோபப்படவில்லை. உன் ஆயுதங்கள் எண்ணெய் பூசி, மயில் பீலி சூட்டி அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் பேசினார். பாராட்டுப் போலத் தோன்றும் இந்தப் பேச்சின் உள்ளே, எங்கள் மன்னன் போர் செய்து பழகியவன் என்ற எச்சரிக்கை இருந்தது.

அந்தக் காலத் தூதின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தூதர் நேரில் போக வேண்டும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அந்த நேரத்துக்கு ஏற்ற சொல்லைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்பிய மன்னனிடம் திரும்பக் கேட்டு வர வழியில்லை. திருவள்ளுவரும் தூது என்ற பெயரில் ஓர் அதிகாரமே, பத்துக் குறள், எழுதி வைத்திருக்கிறார். தூதரின் குணத்தை அவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இதுதான். செய்தியை விரட்டிப் போய்த் திருத்த முடியாத காலத்தில் தூதர் தவறினால் எல்லாம் தவறும்.

சமாதானத்துக்குப் பின் நடந்த போர்

செய்தி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. அது 1783இல் கடலூரில் நடந்தது.

அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உலகம் முழுவதும் மோதிக்கொண்டிருந்தனர். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் மைசூர்ப் பக்கம் நின்றனர். 1783 ஜனவரி 20 அன்று பிரான்சின் வெர்சாய் நகரில் இரு நாடுகளும் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆனால் அந்தச் செய்தி ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஜூன் 13 அன்று கடலூர்க் கோட்டைக்கு வெளியே பெரும் சண்டை நடந்தது. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமடைந்தும் போனார்கள். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். ஜூன் 20 அன்று கடலில் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. ஜூன் மாத இறுதியில்தான் சமாதானச் செய்தி கரைக்கு வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன ஒரு போரில் அத்தனை பேர் செத்திருந்தார்கள்!

அந்தச் செய்தி வந்ததும் இன்னொரு விளைவும் ஏற்பட்டது. மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்பு சுல்தானுடன் இருந்த பிரெஞ்சுப் படை, எங்கள் நாடு சமாதானம் செய்துவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டது. திப்பு தனியாக நின்றார். 1784 மார்ச் 11 அன்று ஆங்கிலேயருடன் மங்களூர் உடன்படிக்கை செய்தார். ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒரு தாள் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தபோது இந்தியாவின் போரையே மாற்றியது.

தொப்பூரில் நழுவிய திப்பு

மங்களூர் உடன்படிக்கை ஐந்தாண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1789 டிசம்பர் 29 அன்று திப்பு திருவிதாங்கூர் எல்லை அரணைத் தாக்கினார். திருவிதாங்கூர் ஆங்கிலேயக் கம்பெனியின் நட்பு நாடு. கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் லண்டனுக்கு எழுதி அனுமதி பெற்று வர வேண்டுமானால் ஓராண்டு ஆகியிருக்கும். அவர் காத்திருக்கவில்லை. 1790 ஜூனில் புனேயில் மராத்தியருடனும், ஜூலையில் ஐதராபாத் நிஜாமுடனும் கூட்டணி ஒப்பந்தங்கள் முடிந்துவிட்டன. இந்தியாவின் அனுமதியில்லாப் போர்களைத் தடுக்க 1784இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருந்தது. தூரமும் தாமதமும் அந்தச் சட்டத்தைப் பலவீனமாக்கின. களத்தில் இருப்பவர் முடிவெடுத்தார், தலைநகரம் பிறகு தெரிந்துகொண்டது.

1790 நவம்பரில் போர் பாராமகாலுக்கு வந்தது. கர்னல் மாக்ஸ்வெல் ஒரு படையுடன் அங்கே நுழைந்தார். ஜெனரல் மெடோஸ் இன்னொரு படையுடன் தொப்பூர்க் கணவாய் வழியாக மேலே ஏறி வந்தார். நவம்பர் நடுவில் காவேரிப்பட்டணம் அருகே இரு படைகளும் ஒன்று சேர்ந்தன. திப்பு அகப்பட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ அதே தொப்பூர்க் கணவாய்க்குள் புகுந்து தெற்கே இறங்கிப் போய்விட்டார். ஆங்கிலேயப் படை நெருங்கி வந்தும் பிடிக்க முடியவில்லை. அவர் திருச்சிப் பக்கம் போய், பிறகு திருவண்ணாமலை, பெருமுக்கல் வழியாகப் புதுச்சேரி அருகே முகாமிட்டார்.

புதுச்சேரிக்கு ஏன்? அங்கே பிரெஞ்சுக் கவர்னர் இருந்தார். தொப்பூரில் தப்பிய திப்பு தேடிப் போனது ஒரு ராஜதந்திர உதவி. பிரான்சு படை அனுப்பினால் போரின் போக்கே மாறிவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த உதவி வரவில்லை.

பழைய முகவரிக்குப் போன தூது

வராததன் காரணத்தைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1787 ஜூலையில் திப்புவின் மூன்று தூதர்கள் புதுச்சேரியில் கப்பல் ஏறினார்கள். டூலோன் துறைமுகத்தில் இறங்கியபோது 1788 ஜூன் ஆகிவிட்டது. ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தார்கள். பாரிஸ் நகரமே அவர்களின் உடையையும் நடையையும் வேடிக்கை பார்த்தது. ஆனால் மன்னரிடம் பணம் இல்லை, படை அனுப்பும் எண்ணமும் இல்லை. மரியாதை கிடைத்தது, உறுதிமொழி கிடைக்கவில்லை. அவர்கள் ஊர் திரும்பியது 1789 மே மாதம். இரண்டே மாதத்தில், ஜூலை 14 அன்று, பாஸ்டில் சிறை விழுந்தது. பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிவிட்டது!

1791இல் திப்பு புதுச்சேரியில் உதவி கேட்டபோது, அவர் நம்பியிருந்த பிரான்சு மன்னராட்சி ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. ஓராண்டுப் பழைய செய்தியை வைத்து நாளைய போரைத் திட்டமிட வேண்டிய நிலை. திப்புவின் தோல்விக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் இந்தத் தகவல் இடைவெளியும் அவற்றில் ஒன்று என்பதை மறுக்க முடியாது.

கேட்காமலே மாறிய ஆட்சி

1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. திப்புவின் சார்பில் குலாம் அலி கானும் அலி ரஜா கானும், கார்ன்வாலிஸ் சார்பில் சர் ஜான் கென்னவேயும் பேசினார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிரதிநிதிகளை 'வக்கீல்' என்றுதான் அழைத்தார்கள். இன்று நீதிமன்றத்தில் வாதாடுபவருக்குப் போய்விட்ட சொல், அன்று தூதருக்கு உரியது. உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். பணம் வரும் வரை அவருடைய இரண்டு மகன்கள் பிணையாகப் போனார்கள். மார்ச் 18 அன்று இறுதி உடன்படிக்கை ஆனது. அந்தச் சிறுவர்கள் 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள்.

கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் பாராமகாலும் சேலமும் அடக்கம். அதாவது தொப்பூரும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களும் ஒரு கூடாரத்துக்குள் நடந்த பேச்சில் கைமாறின. அங்கே உழுதுகொண்டிருந்த குடியானவருக்கு இது எப்போது தெரிந்திருக்கும்? புதிய அதிகாரிகள் வரி கேட்டு வந்தபோதுதான். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பாராமகாலின் நிர்வாகியாக வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தர்மபுரியில் ஆண்டுக்கணக்கில் தங்கி நிலம் அளந்து வரி விதித்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணக் கவர்னரான அதே மன்றோதான்.

பழைய ராஜதந்திரத்தின் மிகப் பெரிய குறை இது. யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. அவர்களுக்குச் செய்திகூடப் போவதில்லை.

தந்தி வந்தது

1850களில் இந்தியாவில் தந்திக் கம்பிகள் நீண்டன. 1865இல் பாரசீக வளைகுடா வழியாக இந்தியாவும் ஐரோப்பாவும் தந்தியால் இணைந்தன. 1870இல் பம்பாயிலிருந்து சூயஸ் வழியாகக் கடலடிக் கம்பி லண்டனை எட்டியது. 1871 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங் வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி போய்விட்டது. மாதங்கள் மணி நேரங்களாகச் சுருங்கின.

இதன் விளைவு சுவையானது. கார்ன்வாலிஸ் போலத் தானே போர் தொடங்கும் கவர்னர் ஜெனரலுக்கு இனி இடமில்லாமல் போனது. லண்டனில் இருந்த இந்திய மந்திரி தந்தியில் கேள்வி கேட்கத் தொடங்கினார். தூதர்களுக்கும் இதே கதிதான். முன்பு நாட்டின் சார்பில் முடிவெடுத்தவர்கள், இப்போது தலைநகரின் ஆணையைப் படித்துக் காட்டுபவர்களாக மாறினார்கள். இன்று இணையத்தைப் பார்த்து, இனித் தூதரே தேவையா என்று கேட்பது போலவே அன்று தந்தியைப் பார்த்தும் கேட்டார்கள். தூதர்கள் ஒழியவில்லை. ஆனால் வேலை மாறியது. அந்தத் தந்திக்கும் ஒரு முடிவு வந்தது, இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது.

வேகம் கூடினாலும் கதவு திறக்கவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையின் இந்திய வம்சாவளி மக்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதப்பட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள். எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மன்றோ காலத்துக் குடியானவருக்கும் இவர்களுக்கும் இடையே 172 ஆண்டுகள் ஓடியிருந்தன. நிலைமை ஒன்றுதான்.

இணையம் திறந்த கதவு

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் இணையம் செய்த மாற்றம் விளங்கும். தந்தி தலைநகரையும் தூதரையும் இணைத்தது. இணையம் சாதாரண மனிதரையும் வெளியுறவு அமைச்சகத்தையும் நேரடியாக இணைத்தது.

2010 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பொதுமக்கள் தொடர்புப் பிரிவு ட்விட்டரில் கணக்குத் தொடங்கியது (ட்விட்டரின் இன்றைய பெயர் எக்ஸ்). அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 2011இல் லிபியாவில் உள்நாட்டுப் போர் மூண்டு இந்தியர்கள் சிக்கியபோது, எந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கப்பல் எங்கே வருகிறது என்ற தகவல்கள் ட்விட்டர் வழியாகவும் பரிமாறப்பட்டன. 15,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். 2015 பிப்ரவரியில் 'மதத்' என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. மதத் என்றால் இந்தியில் உதவி. வெளிநாட்டில் சம்பளம் கிடைக்காதவர், சிறையில் இருப்பவர், இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்கும் குடும்பம் ஆகியோர் அதில் புகார் பதிந்து, நடவடிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். அதே ஆண்டு ஏமன் நாட்டிலிருந்து 'ராகத்' நடவடிக்கையின் மூலம் 4,640 இந்தியர்களும் 41 நாடுகளைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரும் மீட்கப்பட்டனர்.

2014 முதல் 2019 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் ட்விட்டரில் வரும் உதவிக் குரல்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லிப் புகழ் பெற்றார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் ஆட்கள் நிறைந்த தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல. முன்பு ஒரு தாய் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அது சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், அங்கிருந்து தூதரகத்துக்குப் போக வேண்டும். இப்போது அவர் மகனே தூதரகத்துக்குச் செய்தி அனுப்புகிறார். வரலாற்றில் முதல்முறையாக, பேசப்படுகிற மனிதருக்குப் பேசும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

உடைந்த ரகசியம்

இந்தக் கதவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2010 நவம்பரில் விக்கிலீக்ஸ் அமெரிக்கத் தூதரகங்களின் 2,51,287 ரகசியக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது. பழைய காலத்தில் இவ்வளவு காகிதத்தைத் திருட லாரிகள் வேண்டும். இப்போது உள்ளங்கையில் அடங்கும் வட்டு போதும்.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. இந்தியா தொடர்பான குறிப்புகளைப் பெற்று 2011 மார்ச்சிலிருந்து வெளியிட்டது சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' நாளிதழ். தென்னிந்தியத் தேர்தல்களில் வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்படுவது பற்றிச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் வாஷிங்டனுக்கு எழுதிய குறிப்பும் அதில் இருந்தது. அதில் திருமங்கலம் இடைத்தேர்தல் விரிவாகப் பேசப்பட்டது. மதுரைப் பக்கத்து ஊர்க் கதையை ஒரு வெளிநாட்டுத் தூதரகம் எவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறது என்று மக்கள் வியந்தார்கள். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள், அமெரிக்காவில் உள்ள பல நாடுகளின் தூதரகங்கள் உளவு பார்க்கப்பட்டதைக் காட்டின. இந்தியத் தூதரகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் தூதரகப் பையைத் திறக்கக் கூடாது என்கிறது. கம்பியில் ஓடும் செய்திக்கு அப்படி ஒரு பூட்டைப் போடுவது எளிதாக இல்லை.

மக்களுக்கு உண்மை தெரிவது நல்லது. ஆனால் மனம்விட்டு எழுதினால் நாளை வெளியே வரும் என்ற பயம் வந்தால், தூதர்கள் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டுவிடுவார்கள். இரண்டும் உண்மை.

கடலில் இழுபறி

தமிழ்நாட்டுக்கு வெளியுறவு என்றால் முதலில் மீனவர் பிரச்சினைதான். 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. காகிதத்தில் இருந்த அந்தக் கோடு இன்று ஜிபிஎஸ் கருவியின் திரையில் தெரிகிறது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய தகவல் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. எல்லையை நெருங்கினால் எச்சரிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. ஆனால் கருவி எல்லையைக் காட்டும், மீன் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்காது. வடபகுதி இலங்கைத் தமிழ் மீனவர்களுக்கும் இராமேசுவரம் இழுவைப் படகுகளுக்கும் உள்ள மோதலைத் திரையால் தீர்க்க முடியவில்லை.

2014 அக்டோபர் 30 அன்று போதைப்பொருள் கடத்தல் வழக்கில் தமிழக மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தமிழ்நாடு கொதித்தது. இணையத்தில் கோபம் பொங்கியது. ஐவரையும் காப்பாற்றியதோ பழைய பாணி வேலைதான். இந்தியத் தூதரகம் மேல்முறையீடு செய்ய உதவியது, இரு நாட்டுத் தலைவர்களும் தொலைபேசியில் பேசினார்கள், மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது, அதிபர் மகிந்த ராஜபக்ச மன்னிப்பு வழங்கினார். நவம்பர் 19 அன்று ஐவரும் விடுதலை ஆனார்கள். இணையத்தின் சத்தம் அரசின் கவனத்தைத் திருப்பியிருக்கலாம். உயிரைத் திருப்பிக் கொடுத்தது அமைதியான பேச்சு.

இதற்கு நேர் எதிரானது 2024இல் நடந்தது. மக்களவைத் தேர்தல் நேரத்தில் கச்சத்தீவு தொடர்பான பழைய ஆவணங்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தன. மார்ச் 31 அன்று பிரதமர் அதுபற்றி எக்ஸ் தளத்தில் எழுதினார். 1974இல் சில அதிகாரிகளும் தலைவர்களும் மூடிய அறையில் பேசிய விஷயம், 50 ஆண்டு கழித்துக் கோடிக்கணக்கானோரின் கைப்பேசியில் விவாதமானது. முடிந்துபோன விஷயம் என்று இலங்கை அமைச்சர்கள் பதில் சொன்னார்கள். விவாதம் சூடாக நடந்தது. மீனவர் பிரச்சினை இருந்த இடத்திலேயே இருந்தது.

மாமல்லபுரமும் வெய்போவும்

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். வேட்டி அணிந்த பிரதமர், கடற்கரைக் கோயில், இளநீர் எனப் படங்கள் உலகெங்கும் பரவின. தமிழிலும் சீன மொழியிலும் ட்வீட்டுகள் வந்தன. எட்டு மாதம்தான். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை இந்தியா தடை செய்தது. ஜூலை தொடக்கத்தில் சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் 2015இல் பிரதமர் தொடங்கிய கணக்கும் மூடப்பட்டது.

முன்பு உறவு கெட்டால் தூதரைத் திரும்ப அழைப்பார்கள். இப்போது செயலியைத் தடை செய்கிறார்கள், கணக்கை மூடுகிறார்கள். கிராமத்தில் டிக்டாக்கில் ஆடிப் பாடிக்கொண்டிருந்த இளைஞருக்கும் அன்று காலை வெளியுறவுக் கொள்கை என்றால் என்னவென்று புரிந்திருக்கும். நாடுகளும் இதை உணர்ந்துவிட்டன. 2017இல் டென்மார்க், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களிடம் பேசுவதற்கென்றே ஒரு தூதரை நியமித்தது. 2020இல் இந்திய வெளியுறவு அமைச்சகம் புதிய தொழில்நுட்பங்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. 2024 பிப்ரவரி 12 அன்று இந்தியாவின் யுபிஐ பணப் பரிமாற்ற முறை இலங்கையிலும் மொரீஷியசிலும் தொடங்கி வைக்கப்பட்டது. கடைக்காரர் வைத்திருக்கும் கட்டம் போட்ட அட்டையும் இன்று ராஜதந்திரக் கருவி ஆகிவிட்டது!

கடலூரும் 2025ஆம் ஆண்டும்

கடைசியாக ஒரு ஒப்பீடு. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதின. மே 10 அன்று சண்டை நிற்கிறது என்ற செய்தியை உலகுக்கு முதலில் சொன்னது அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் சமூக வலைத்தளப் பதிவு. இந்திய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியின் முறையான அறிவிப்பு அதற்குச் சற்றுப் பிறகுதான் வந்தது. பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் இந்திய இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியதாகவும், மாலை 5 மணி முதல் சண்டை நிற்கும் என்றும் அவர் தெரிவித்தார். இது இரு நாடுகளும் நேரடியாகப் பேசி எடுத்த முடிவு என்பதே இந்தியாவின் நிலைப்பாடு.

1783இல் சமாதானச் செய்தி ஐந்து மாதம் தாமதமாக வந்தது, மனிதர்கள் வீணாகச் செத்தார்கள். 2025இல் அது சம்பந்தப்பட்ட அரசுகளை முந்திக்கொண்டு வந்தது. தாமதத்தால் வந்த சாவுகள் குறைந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களில் பொய்யான படங்களும் பழைய காட்சிகளும் விளையாட்டுக் கணினிக் காட்சிகளும் போர்க் காட்சிகளாக உலவின. சண்டை நிற்கிறது என்று அறிவித்த குற்றத்துக்காக வெளியுறவுச் செயலரையும் அவர் குடும்பத்தையும் இணையத்தில் வசைபாடினார்கள். அவர் தன் எக்ஸ் கணக்கைப் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. தொண்டைமான் அவையில் ஔவையாருக்கு இருந்த பாதுகாப்பு, தூதரைத் தாக்கக் கூடாது என்ற மரபு, இணையத்தில் இன்னும் உருவாகவில்லை.

பாராமகால் குடியானவருக்குச் செய்தி வரவே இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குச் செய்தி வந்தது, கேள்வி வரவில்லை. இன்று செய்தியும் வருகிறது, பதில் சொல்லும் வாய்ப்பும் வருகிறது. இது மிகப் பெரிய முன்னேற்றம். ஆனால் பேச்சுவார்த்தை என்பது விட்டுக்கொடுத்து வாங்குவது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டலும் வசையும் உடனுக்குடன் விழுந்தால் யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது. தூதர்கள் நிதானமாகப் பேச இடம் வேண்டும், பேசி முடித்ததை மக்களிடம் மறைக்காமல் சொல்லவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் இந்தத் தலைமுறைக்கு வந்திருக்கும் கேள்வி.

ஒரு பங்கு வாசகர் கையிலும் இருக்கிறது. அடுத்த முறை அண்டை நாட்டைப் பற்றிய ஒரு காணொளி ரத்தம் கொதிக்கும்படி கைப்பேசிக்கு வந்தால், அதை நான்கு பேருக்கு அனுப்புவதற்கு முன் யார் எடுத்தது, எந்த ஆண்டு எடுத்தது என்று ஒரு நிமிடம் பாருங்கள். 1783இல் கடலூரில் நின்ற சிப்பாய்க்கு அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இருக்கவில்லை.